பில்லிங் மென்பொருளுக்கு இலவச டிரையல்: கம்ப்யூட்டரோடு கட்டாதீர்கள், கடையோடு கட்டுங்கள்

கேள்வி இது: சி ஷார்ப்பில் எழுதிய பில்லிங் மென்பொருள், டேட்டா எல்லாம் எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸ் கோப்பில். கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி கடைகளுக்கு 30 நாள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு விற்க வேண்டும். நிறுவிய தேதியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எழுதி வைத்தாயிற்று. கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் தேதியைப் பின்னால் தள்ளுகிறார்கள். இல்லாவிட்டால் விண்டோஸை மறுபடி போட்டு இன்னொரு 30 நாள் எடுத்துக்கொள்கிறார்கள். எப்படித் தடுப்பது?

விண்டோஸ் மாறும், ஹார்டு டிஸ்க் மாறும், கம்ப்யூட்டரே மாறும். கடை மாறாது. உங்கள் மென்பொருள் அச்சிடும் ஒவ்வொரு வரி பில்லிலும் கடையின் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் இருந்தாக வேண்டும். ஒரு எழுத்து தவறினாலும் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு வராது. ஜி.எஸ்.டி.ஆர்.1 (விற்பனை விவர ரிட்டர்ன்) கோப்பில் இருக்கும் எண்ணும் போர்ட்டலில் நுழைந்தவரின் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் போர்ட்டல் அதை ஏற்காது. ஆகவே கடைக்காரர் பொய்யாகக் கொடுக்க முடியாத ஒரே அடையாளம் அந்த எண்தான். டிரையலை அதில் கட்டினால் விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் அதே முடிவுத் தேதிதான் வரும்.

எண்ணின் அமைப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை பான் எண். பதினைந்தாவது சரிபார்ப்பு எழுத்து. 0 முதல் 9 வரை அதே மதிப்பு, ஏ முதல் இசட் வரை 10 முதல் 35. முதல் 14 எழுத்துகளின் மதிப்பை மாறி மாறி 1, 2 ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு பெருக்கலையும் 36 ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தத்தை 36 ஆல் வகுத்து வரும் மீதியை 36 இலிருந்து கழித்தால் சரிபார்ப்பு எழுத்தின் மதிப்பு. விடை 36 என்று வந்தால் 0. இதை மென்பொருளிலேயே சோதித்துவிட்டால் தட்டச்சுப் பிழையோடு கோரிக்கை சர்வருக்கு வருவது அரிது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கடை வைத்திருப்பவருக்கு 33 இல் ஒன்று, 34 இல் ஒன்று என இரண்டு எண் இருக்கும், பான் ஒன்றே. இவருக்கு ஒரு டிரையலா, இரண்டா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டு கடைக்கும் தனித்தனியாகக் கொடுப்பதே நல்லது. அடுத்த ஊர்க் கடையிலும் ஓட்டிப் பார்ப்பவர்தான் வாங்கப் போகிறவர்.

எண் இல்லாத வியாபாரிகளும் உண்டு. பொருள் விற்பனைக்குப் பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம். பச்சை மீனுக்கு வரியே இல்லை என்பதால் கடலூர் முதுநகர் துறைமுகத்து மீன் ஏலக்காரரிடம் எண்ணை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு மொபைல் எண்ணும் ஓ.டி.பி.யும் போதும். இது பலவீனமான கட்டுதான். இன்னொரு சிம் போட்டால் இன்னொரு டிரையல். அதோடு வாழ்ந்துவிடலாம், எண்ணிக்கை சிறியது. ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களிடமும் ஓ.டி.பி. கேளுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் பக்கத்துக் கடையின் எண்ணைப் போட்டு அவருடைய டிரையலைக் கழித்துவிடுவார்.

அடுத்தது சர்வர். அதன் வேலை சிறியது, ஆனால் ஒரு விதியில் தவறக்கூடாது: ஒரே கடை எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில். டேபிளில் ஜி.எஸ்.டி. எண்ணும் மென்பொருளின் பெயரும் சேர்ந்து யூனிக் ஆக (ஒரு முறைக்கு மேல் வராததாக) இருக்கட்டும். முதலில் இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும் இன்சர்ட், பிறகு செலக்ட், அதில் கிடைத்த முடிவுத் தேதியை அனுப்புங்கள். 'முதலில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் சேர்' என்று யூனிக் இல்லாமல் இரண்டு படியாக எழுதினால், மெதுவான இணைப்பில் கடைக்காரர் பொத்தானை இரண்டு முறை அழுத்தும்போது இரண்டு வரிசை உருவாகும். பிறகு எந்தத் தேதி உண்மை என்பதில் குழப்பம்.

சர்வர் திருப்பி அனுப்புவது டிஜிட்டல் கையொப்பமிட்ட ஒரு சின்னக் கோப்பு. டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்க வேண்டியவை: மென்பொருளின் பெயர், ஜி.எஸ்.டி. எண், கடையின் பெயர், கம்ப்யூட்டரின் ஹாஷ் (அதன் அடையாளத்தைத் திரும்ப மீட்க முடியாதபடி சுருக்கிய எண்), டிரையலா விலைக்கு வாங்கியதா, கொடுத்த நேரம், முடியும் நேரம், எந்தச் சாவியால் கையொப்பமிட்டது. கையொப்பமிடும் ரகசியச் சாவி சர்வரில் மட்டும். மென்பொருளுக்குள் அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும். எச்.எம்.ஏ.சி. போல ஒரே ரகசியத்தை இரு பக்கமும் வைக்கும் முறை இங்கே உதவாது. சி ஷார்ப் மென்பொருளின் டாட்நெட் எக்ஸி கோப்பை, கோடை மீட்டுக் காட்டும் ஐ.எல்.ஸ்பை கருவியில் திறந்தால் அந்த ரகசியம் அப்படியே தெரியும். பிறகு யார் வேண்டுமானாலும் டோக்கன் தயாரிக்கலாம்.

கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்கு டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 தான் சரி. டாட்நெட் 8 விண்டோஸ் 7 இல் ஓடாது. 4.8 இல் சிக்கல் இல்லாமல் வேலை செய்யும் கையொப்ப முறை ஆர்.எஸ்.ஏ. 2048, அதோடு எஸ்.எச்.ஏ. 256 ஹாஷ். ஈ.டி.25519 கையொப்பம் சிறியது, வேகமானது, ஆனால் 4.8 இல் அது உள்ளேயே கிடையாது, தனி லைப்ரரி சேர்க்க வேண்டும். விண்டோஸ் 7 இல் டி.எல்.எஸ். 1.2 (சர்வரோடு பேசும் மறையாக்க இணைப்பு) இயங்குகிறதா என்பதையும் சோதியுங்கள். பழைய டாட்நெட்டைக் குறிவைத்து கம்பைல் செய்திருந்தால் அது தானாக வராது, கோடிலேயே கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் 'சர்வரோடு இணைய முடியவில்லை' என்று மட்டும் வரும், காரணம் யாருக்கும் புரியாது.

பில்லில் அச்சாகும் கடைப் பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் செட்டிங்ஸ் டேபிளிலிருந்து எடுக்காதீர்கள். கையொப்பம் சரிபார்த்த டோக்கனிலிருந்தே எடுங்கள். எஸ்.க்யூ.லைட் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். அச்சு டோக்கனிலிருந்து வந்தால், ஒரு கடையின் டோக்கனை இன்னொரு கடையில் வைத்துப் பயனில்லை. இந்த ஒன்று, மற்ற எல்லாப் பூட்டுகளும் சேர்ந்து தரும் பாதுகாப்பைவிட அதிகம் தரும்.

இவ்வளவு செய்தபின் கம்ப்யூட்டர் அடையாளம் எதற்கு? ஒரே கடை எத்தனை கம்ப்யூட்டரில் ஓட்டுகிறது என்று எண்ணுவதற்கு மட்டும். டிரையலில் மூன்று வரை அனுமதியுங்கள். கவுண்டர் இரண்டு, ஆபீஸ் ஒன்று. அடையாளத்துக்கு விண்டோஸ் நிறுவும்போது தானே உருவாக்கும் மெஷின்கைட் எண், மதர்போர்டின் யூ.யூ.ஐ.டி. எண், சிஸ்டம் டிஸ்க்கின் சீரியல் மூன்றையும் எடுத்து, தனித்தனியாக எஸ்.எச்.ஏ. 256 போட்டு, மூன்றில் இரண்டு பொருந்தினால் அதே கம்ப்யூட்டர் என்று கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே ஹார்டு டிஸ்க் இமேஜைப் பத்து கம்ப்யூட்டரில் நகலெடுத்தால் பத்துக்கும் ஒரே மெஷின்கைட் இருக்கலாம். மலிவான மதர்போர்டுகளில் யூ.யூ.ஐ.டி. முழுக்க எஃப் ஆகவோ, 03000200 என்று தொடங்கும் தயாரிப்பாளர் மாற்ற மறந்த மதிப்பாகவோ இருக்கும்; இவற்றை வெற்று என்றே கணக்கிடுங்கள். உங்கள் எக்ஸி 32 பிட்டாக இருந்து விண்டோஸ் 64 பிட்டாக இருந்தால் மெஷின்கைட் கிடைக்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரியின் 64 பிட் பார்வையைக் கேட்டுத் திறக்க வேண்டும். நெட்வொர்க் கார்டின் எண்ணான மேக் முகவரியைத் தொடவே வேண்டாம். யூ.எஸ்.பி. வைஃபை டாங்கிளைப் பிடுங்கினால் மாறிவிடும்.

கம்ப்யூட்டர் விவரத்தில் ஹாஷ் மட்டும் சர்வருக்குப் போகட்டும். என்னென்ன தகவல் எடுக்கிறீர்கள் என்பதை நிறுவும் திரையிலேயே தமிழில் இரண்டு வரியில் சொல்லுங்கள். மொபைல் எண் வாங்குகிறீர்கள். 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.

தேதியைப் பின்னால் தள்ளும் தந்திரம் ஏன் பலிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் தேதி ஜனவரியில் நிற்கிறது, பில் மார்ச் தேதியில் அச்சாகிறது. அதாவது உங்கள் பில் திரையில் தேதியைக் கையால் மாற்ற விட்டிருக்கிறீர்கள். அதை மூடினாலே பாதி வேலை முடிந்தது. பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி, எனவே கடைசி பில் தேதிக்கு முந்தைய தேதியில் புது பில் சேமிக்கக் கூடாது, இன்றைக்குப் பிந்தைய தேதியிலும் கூடாது. இது லைசென்ஸுக்காகப் போடும் தடை அல்ல, கணக்குக்கு நல்லது என்பதால் கடைக்காரரும் ஏற்றுக்கொள்வார்.

அதோடு 'இதுவரை கண்ட கடைசி நேரம்' என்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸியை பில்ட் செய்த நேரம், டோக்கன் கொடுத்த நேரம், கடைசியாகச் சேமித்த பில்லின் நேரம், சர்வர் கடைசியாகச் சொன்ன நேரம்: இவற்றில் எது பெரியதோ அது. கம்ப்யூட்டர் நேரம் இதைவிட 24 மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் தேதி தவறு. அப்போது 'டிரையல் முடிந்தது' என்று சொல்லாதீர்கள். 'கம்ப்யூட்டர் தேதி தவறாக உள்ளது, சரிசெய்யுங்கள்' என்று சொல்லுங்கள். ஏனென்றால் இப்படி வருகிறவர்களில் பலர் நேர்மையானவர்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். தேதி அப்படித் தவறியிருக்கும்போது டி.எல்.எஸ். சான்றிதழும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தோற்கும். இணையம் இருந்தும் சர்வரைத் தொட முடியாது. பில்ட் தேதியோடு ஒப்பிடும் சோதனையை இணைப்புக்கு முன்னாலேயே செய்தால் சரியான செய்தியைக் காட்டலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. யாரோ தவறுதலாகத் தேதியை 2035 என்று வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டால், உங்கள் 'கடைசி நேரம்' 2035 இல் மாட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கியவரும் அன்றோடு வெளியே. எனவே முன்னோக்கிய தாவல் ஏழு நாளுக்கு மேல் இருந்தால், சர்வர் உறுதி செய்யும்வரை அதைப் பதிவு செய்யாதீர்கள். அந்தத் தேதியில் பில் சேமிக்கவும் ஒரு எச்சரிக்கை கேளுங்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது தேதியை மாற்றுவதைக் கண்டுபிடிக்க, கம்ப்யூட்டர் தேதியைச் சாராமல் கடந்த நேரத்தை அளக்கும் டாட்நெட்டின் ஸ்டாப்வாட்சைப் பயன்படுத்துங்கள். 32 பிட் டிக்கவுண்ட் வேண்டாம், 24.9 நாள் அணையாமல் ஓடும் கம்ப்யூட்டரில் அது எதிர்மறை எண்ணாகிவிடும்.

டோக்கனை புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். எழுதும் அனுமதியை இன்ஸ்டாலரே எல்லாப் பயனருக்கும் கொடுக்கட்டும். ரெஜிஸ்ட்ரியின் லோக்கல் மெஷின் பகுதியில் எழுத அட்மின் உரிமை வேண்டும். மேனிஃபெஸ்ட் (எந்த உரிமையில் ஓட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) இல்லாத 32 பிட் எக்ஸி அங்கே எழுதினால் விண்டோஸ் பிழை காட்டாது, அந்தப் பயனருக்கு மட்டும் தனி நகல் ஒன்றில் எழுதிவிடும். முதலாளி லாகின் செய்தால் 3 நாள் பாக்கி, கணக்காளர் லாகின் செய்தால் 30 நாள் பாக்கி என்ற புதிர் இங்கிருந்துதான் வருகிறது.

எழுதும்போது நேரடியாக அதே கோப்பின்மேல் எழுதாதீர்கள். தற்காலிகக் கோப்பில் எழுதி, டிஸ்க்குக்குத் தள்ளி, பிறகு ரீப்ளேஸ் செய்யுங்கள். யு.பி.எஸ். இல்லாத கடையில் எழுதும் நொடியில் கரண்ட் போனால் பூஜ்யம் பைட் கோப்பு மிஞ்சும். கோப்பு கெட்டிருந்தால் அதைத் திருட்டு என்று எண்ணிப் பூட்ட வேண்டாம். சர்வரிடம் மறுபடி கேளுங்கள், ஒரே கடைக்கு ஒரே பதில் என்பதால் அதே தேதி வந்துவிடும்.

30 நாள் என்ற எண்ணையும் மாற்றச் சொல்வேன். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைக்கு ஜி.எஸ்.டி.ஆர்.1 அடுத்த மாதம் 11 ஆம் தேதி, வரி கட்டும் ரிட்டர்னான 3பி 20 ஆம் தேதி. ஜனவரி 5 இல் தொடங்கியவர் ஜனவரிக்கான 3பி தாக்கல் செய்வது பிப்ரவரி 20 இல். உங்கள் 30 நாள் பிப்ரவரி 4 இலேயே முடிந்துவிடும். மென்பொருளின் உண்மையான பயனை அவர் பார்க்கவே இல்லை. தொடங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் 25 ஆம் தேதி முடிகிறது என்று வையுங்கள். 25 முதல் 55 நாள் வரை கிடைக்கும். கடைசி வாரத்தில் வந்தவருக்கு இன்னும் ஒரு மாதம் சேர்த்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவருக்கும் ஒரு மாத அறிக்கையை ஆடிட்டரிடம் காட்டிப் பார்க்க இது போதும்.

முடியும் நேரத்தை யூ.டி.சி.யில் சேமிப்பது சரி. ஆனால் யூ.டி.சி. நள்ளிரவு என்பது நமக்குக் காலை 5.30. மீன் ஏலம் மும்முரமாக நடக்கும் நேரம். படகு கரையில், எடை போட்டாயிற்று, சீட்டு அச்சாகவில்லை என்றால் அந்த ஏலக்காரர் உங்களை மறுபடி உள்ளே விடமாட்டார். முடிவை இந்திய நேரப்படி இரவு 11.59 க்கு வையுங்கள். அதோடு, திறந்திருக்கும் பில்லை எக்காரணம் கொண்டும் இடையில் மறிக்காதீர்கள். டிரையல் முடிந்ததா என்ற சோதனையை மென்பொருள் தொடங்கும்போது மட்டும் செய்யுங்கள். முடிய 10, 5, 2 நாள் இருக்கும்போது ஒரு வரி அறிவிப்பு போதும். பில் திரையின் நடுவே பாப்அப் வேண்டாம்.

இணையம் எப்போதும் இருக்கும் என்று எண்ணி எழுதிவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரி வெள்ளத்தில் நின்றது. ஜெனரேட்டரில் கடை ஓடும், பிராட்பேண்ட் ஓடாது. முதல் பதிவுக்கு மட்டும் இணையம் கட்டாயம். அதன்பின் நாளுக்கு ஒருமுறை பின்னணியில் முயலட்டும், தோற்றால் சத்தமில்லாமல் விடட்டும். விலைக்கு வாங்கிய டோக்கனுக்கு 45 நாள் இணையம் இல்லாமல் ஓடும் சலுகை கொடுங்கள். டிரையலுக்குத் தனிச் சலுகை வேண்டாம், முடிவுத் தேதி டோக்கனிலேயே இருக்கிறது. புயல் வந்தால் 33, 34 எண் கடைகள் எல்லாவற்றுக்கும் சர்வரில் ஒரே வரியில் இரண்டு வாரம் நீட்டிவிடலாம். இணைப்பு வந்ததும் புது டோக்கன் தானாக இறங்கும்.

இணையமே இல்லாத கம்ப்யூட்டருக்கு, கோரிக்கையைக் கியூ.ஆர். ஆகத் திரையில் காட்டி, மொபைலில் ஸ்கேன் செய்து, டோக்கன் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கேபிளில் ஏற்றச் சொல்லுங்கள். ஃபோனில் வாசித்துக் காட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்: ஆர்.எஸ்.ஏ. 2048 கையொப்பம் 256 பைட், பேஸ்32 இல் எழுதினால் 410 எழுத்து. இதற்குக் குறுக்குவழியாக எந்தக் கம்ப்யூட்டரிலும் பூட்டைத் திறக்கும் 'மாஸ்டர் கோடு' ஒன்றை மென்பொருளுக்குள் வைக்காதீர்கள். ஒரு கடைக்குச் சொன்னால் அந்தத் தெரு முழுக்கப் போய்விடும், திரும்பப் பெற வழியில்லை.

டிரையல் முடிந்ததும் எதைப் பூட்டுவது? புது பில் போடுவதை மட்டும். பழைய பில்லைப் பார்ப்பது, மறு அச்சு, அறிக்கை, எக்செல் ஏற்றுமதி, பேக்கப் ஐந்தும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36 ஆம் பிரிவு. அது அவருடைய கணக்கு. அதைப் பிணையாக வைத்துக் காசு கேட்பது தவறு. பூட்டிய மென்பொருளைப் பற்றி அவர் அடுத்த கடையில் சொல்வதும் உங்கள் காதுக்கு வராமலே வியாபாரத்தைக் கெடுக்கும்.

எக்ஸியைத் திறந்து திருத்தும் டி.என்.ஸ்பை கருவி தெரிந்த ஒருவர் சோதனை ஃபங்ஷனை 'சரி' என்று மாற்றி எக்ஸியைத் திருத்த முடியும். முடியட்டும். அதைத் தடுக்க, எக்ஸியைச் சுருக்கி மறைக்கும் பேக்கர் போட்டால் ஆன்டிவைரஸ் உங்கள் எக்ஸியையே வைரஸ் என்று தடுக்கும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தைச் சாவிப் பாதுகாப்பில் செலவிடுங்கள். ரகசியச் சாவியின் இரண்டு நகல் இணையத்துக்கு வெளியே இரண்டு இடத்தில், மென்பொருளுக்குள் ஒரு உதிரிப் பொதுச் சாவி, சர்வர் முகவரி ஐ.பி.யாக இல்லாமல் சொந்த டொமைனாக, அந்த டொமைன் பல ஆண்டுக்கு முன்பணம் கட்டியதாக.

தொடக்கத்திலேயே கார்டு வாங்கி வைத்து டிரையல் முடிந்ததும் தானாகப் பணம் எடுக்கும் முறை இங்கே வேண்டாம். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி தானியங்கிப் பற்றுக்கு முன்கூட்டி ஒப்புதலும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் வேண்டும். ரத்து செய்வதைக் கடினமாக்கும் சந்தா வலையை 2023 நவம்பரில் வந்த இருண்ட வடிவங்கள் (வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகள்) பற்றிய வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. பேமென்ட் லிங்க் ஒன்றே போதும். பணம் வந்ததைச் சர்வருக்குத் தெரிவிக்கும் வெப்ஹுக் இரண்டு முறை வரலாம், பேமென்ட் எண்ணை யூனிக் ஆக வையுங்கள். நீங்கள் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு செய்திருந்தால் 34 எண்ணுக்கு ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 33 எண்ணுக்கு 9 சதவீதம் சி.ஜி.எஸ்.டி., 9 சதவீதம் எஸ்.ஜி.எஸ்.டி.; முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து மென்பொருளே பிரிக்கட்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடைகளுக்கு இதைக் கொண்டுபோகும்போது முதல் பதிப்பில் பூட்டை இயக்காதீர்கள். எல்லாச் சோதனையும் ஓடட்டும், 'பூட்டியிருக்க வேண்டும்' என்ற முடிவு மட்டும் காரணத்தோடு சர்வருக்குப் போகட்டும். தேதி பின்னால், தேதி முன்னால், கோப்பு கெட்டது, ஹாஷ் பொருந்தவில்லை, டிரையல் முடிந்தது என்று ஐந்தாகப் பிரித்து ஒரு மாதம் பாருங்கள். 'டிரையல் முடிந்தது' தவிர மற்ற நான்கில் எது அதிகமாக வந்தாலும் அது உங்கள் கோடின் பிழை அல்லது கடையின் பேட்டரி. அவற்றைத் திருத்திய பிறகு, 25 ஆம் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, சர்வரிலிருந்தே பூட்டை இயக்குங்கள்.